ரயிலை நிறுத்தச் சொன்ன பினாங்கு மருத்துவர்: கட்டுப்பாடு எதுவரை, தளர்வு எப்போது?

2020 மார்ச் 18. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய அந்த நாளை நம்மில் யாரும் அவ்வளவு சீக்கிரம் மறந்துவிட முடியாது.

சாலைத் தடுப்புகள், மூடிய கடைகள், மாநிலம் விட்டு மாநிலம் போகத் தடை. ஊரில் தனியாக இருந்த அப்பா அம்மாவைப் போய்ப் பார்க்க முடியாமல் தவித்த குடும்பங்கள் எத்தனையோ. அந்த ஆண்டு தீபாவளிக்கு வீட்டு வாசல்கள் வெறிச்சோடிக் கிடந்தன. அடுத்த ஆண்டின் நடுப்பகுதியில், சாப்பாட்டுக்கே வழியில்லை என்று வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டியவர்களையும் பார்த்தோம்.

உயிரைக் காக்கக் கதவை மூடணுமா? பிழைப்பைக் காக்கக் கதவைத் திறக்கணுமா? அப்போது நாடு முழுக்கக் கேட்ட கேள்வி இதுதான்.

ஆனால் இது புதிய கேள்வி அல்ல. நூறாண்டுகளுக்கும் முன்பே, உறைபனி கொட்டும் ஒரு நகரத்தில், பினாங்கில் பிறந்த 31 வயது மருத்துவர் ஒருவர் இதே கேள்வியை எதிர்கொண்டார். அவர் பெயர் வூ லியென் தே. அவர் எடுத்த முடிவுகள் என்ன? அவற்றுக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள்?

யார் இந்த வூ லியென் தே?

1879 மார்ச் 10ஆம் தேதி பினாங்கில் பிறந்தவர். அப்பா சீனாவின் தாய்ஷான் பகுதியிலிருந்து பிழைக்க வந்த பொற்கொல்லர். அம்மா இங்கேயே பிறந்து வளர்ந்தவர். பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம்.

பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்தார். 1896இல் இராணி உபகாரச் சம்பளம் அவருக்குக் கிடைத்தது. அப்போதைய நீரிணைக் குடியேற்றப் பகுதிகளில் ஒரு மாணவன் கனவு காணக்கூடிய உச்சம் அதுதான்.

அங்கிருந்து இங்கிலாந்து. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் இமானுவேல் கல்லூரியில் மருத்துவம் படித்தார். கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்த முதல் சீன வம்சாவளி மாணவர் அவரே. பிறகு லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனை, லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி, பாரிசின் பாஸ்டர் ஆய்வுக்கூடம், ஜெர்மனியின் ஹாலே என்று கிருமியியலைத் தேடித் தேடிக் கற்றார்.

1903இல் ஊர் திரும்பினார். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் பெரிபெரி நோய் குறித்து ஆய்வு செய்தார்.

இவ்வளவு படித்தும் என்ன? காலனி ஆட்சியில் உயர் மருத்துவப் பதவிகள் வெள்ளையருக்குத்தான். மற்றவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் கீழ்ப்படியோடு சரி.

அதனால் 1904 இறுதியில் பினாங்கு சூலியா தெருவில் சொந்தமாக மருந்தகம் திறந்தார். தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரைத் தாங்கி நிற்கும் அதே சூலியா தெருதான்.

ஊரைவிட்டுப் போனது ஏன்?

அக்காலத்தில் அபின் சட்டபூர்வமான வியாபாரம். அரசாங்க வருமானத்தின் பெரும் பகுதி அதிலிருந்துதான் வந்தது. அபினுக்கு அடிமையான கூலித் தொழிலாளர்களை மருந்தகத்தில் தினம் தினம் பார்த்த வூ, பினாங்கில் அபின் எதிர்ப்புச் சங்கம் அமைத்தார். 1906இல் பெரிய மாநாடு ஒன்றையும் நடத்தினார்.

பணம் புழங்கும் இடத்தில் கை வைத்தால் சும்மா விடுவார்களா? 1907இல் அவருடைய மருந்தகம் சோதனையிடப்பட்டது. அபின் கலந்த மருந்து ஓர் அவுன்ஸ் அளவுக்கு அங்கே இருந்தது. அபினை எதிர்த்தவர் அபின் வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு அபராதம் கட்டினார்.

பொதுச் சுகாதாரமும் பொருளாதாரமும் மோதினால் என்ன நடக்கும் என்பதை அவர் முதலில் படித்தது இந்தப் பினாங்கில்தான்.

அந்த நேரத்தில் சீனாவிலிருந்து அழைப்பு வந்தது. யுவான் ஷிகாய் அழைக்க, தியன்ஜின் நகரிலிருந்த இராணுவ மருத்துவக் கல்லூரியின் துணை இயக்குநராக 1908இல் பொறுப்பேற்றார். சீன மொழியில் அப்போது அவருக்குப் பெரிய புலமை இல்லை. பினாங்குப் பிள்ளைக்கு ஆங்கிலம்தான் கைவந்த மொழி.

ஹார்பினில் என்ன நடந்தது?

1910ஆம் ஆண்டின் பிற்பகுதி. சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவில் மக்கள் இருமி, இரத்தம் துப்பி, ஓரிரு நாளில் இறந்தார்கள். நோய் வந்தவர்களில் பிழைத்தவர் ஏறத்தாழ யாருமே இல்லை.

தொடக்கம் ஒரு வியாபாரத்தில் இருந்தது. தார்பகன் என்பது மஞ்சூரிய, மங்கோலியப் புல்வெளிகளில் வளை தோண்டி வாழும் அணில் இன விலங்கு. அதன் தோலுக்குச் சாயமேற்றி, விலையுயர்ந்த மென்மயிர் உடைகளுக்குப் பயன்படுத்தும் வழக்கம் பரவியது. தோலின் விலை எகிறியது. ஆயிரக்கணக்கானோர் வேட்டைக்குக் கிளம்பினார்கள்.

அனுபவமுள்ள வேட்டைக்காரர்கள் நோயுற்ற விலங்கைத் தொட மாட்டார்கள். பிழைப்புத் தேடிப் புதிதாக வந்தவர்களுக்கு அந்த விவரம் தெரியாது. நோயை வாங்கிக்கொண்டு நெருக்கமான சத்திரங்களில் தங்கினார்கள். வெளியே கடுங்குளிர், ஜன்னல்கள் இறுக மூடியிருக்கும். ஒருவர் இருமினால் போதும்.

அப்புறம் ரயில். எல்லையோர மன்சௌலியில் தொடங்கிய நோய், ரயில் பாதை வழியாகவே ஹார்பினுக்கு வந்தது.

சிங் அரச வம்சம் ஆட்டம் கண்டுகொண்டிருந்த காலம் அது. ரயில் பாதைகளின் ஒரு பகுதி ரஷ்யாவின் கையில், இன்னொரு பகுதி ஜப்பானின் கையில். சீனாவால் நோயை அடக்க முடியாவிட்டால் அதையே சாக்காக வைத்து அவர்கள் உள்ளே வந்துவிடுவார்களோ என்ற அச்சம் வேறு.

வெளியுறவுத்துறை அதிகாரி ஷி ஸாவ்ஜி, வூவை அனுப்பினார். 1910 டிசம்பர் 24ஆம் தேதி ஓர் உதவியாளருடன் ஹார்பின் வந்து இறங்கினார் வூ.

எலி இல்லையென்றால் வேறு எது?

ஹார்பினின் சீனப் பகுதி ஃபூஜியாடியன். அங்கே ஏறத்தாழ 24,000 பேர் வாழ்ந்தார்கள்.

வந்த மூன்றாம் நாள், சத்திரக்காரர் ஒருவரின் ஜப்பானிய மனைவி இறந்த செய்தி வந்தது. இறந்தவர் உடலை அறுப்பது பெரும் பாவமாகக் கருதப்பட்ட காலம். வூ சத்தமில்லாமல் சவப் பரிசோதனை செய்தார். நுண்ணோக்கியில் தெரிந்தது பிளேக் கிருமி.

பிளேக் என்றாலே எலி, எலித் தெள்ளு என்பதுதான் அன்றைய மருத்துவ அறிவு. ஆனால் ஹார்பினில் எலிகள் சாகவில்லை. நோயாளிகளுக்கு நெறி கட்டவும் இல்லை. நோய் நுரையீரலில் இருந்தது. அப்படியென்றால் இது இருமல் வழியாக, மனிதரிடமிருந்து மனிதருக்கு நேரடியாகத் தொற்றுகிறது என்ற முடிவுக்கு வந்தார்.

இந்த முடிவில்தான் எல்லாமே அடங்கியிருந்தது. எலிதான் காரணம் என்றால் எலியைப் பிடித்தால் போதும், மனிதர்கள் வழக்கம்போல் நடமாடலாம். மூச்சுதான் காரணம் என்றால் மனிதர்களைத்தான் பிரித்து வைக்க வேண்டும்.

சல்லாத் துணி மடிப்புகளுக்கு இடையே பஞ்சு வைத்து, தலைக்குப் பின்னால் கட்டிக்கொள்ளும் முகக்கவசத்தை அவர் பரிந்துரைத்தார். விலை மலிவு, யாரும் செய்துகொள்ளலாம்.

எல்லாரும் ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. தியன்ஜினிலிருந்து வந்த மூத்த பிரெஞ்சு மருத்துவர் ஜெரால்ட் மெனி, இந்த இளைஞரின் பேச்சை அலட்சியப்படுத்தினார். அவர் எலிக் கோட்பாட்டை நம்பியவர். கருத்து மோதல் முற்றி, வூ பதவி விலகவும் முன்வந்தார். மேலிடம் வூவின் பக்கம் நின்றது.

மெனி முகக்கவசம் இல்லாமல் ரஷ்ய மருத்துவமனையில் நோயாளிகளைப் பரிசோதித்தார். சில நாள்களில், 1911 ஜனவரி 11ஆம் தேதி, பிளேக் நோயால் மாண்டார்.

அதன் பிறகு ஹார்பினில் முகக்கவசத்தைப் பற்றி யாரும் வாதம் செய்யவில்லை. ஆனால் அதற்காக ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

கட்டுப்பாடு எவ்வளவு? எங்கே?

இனிதான் கடினமான பகுதி.

வூ ஃபூஜியாடியனை நான்கு வட்டாரங்களாகப் பிரித்தார். வெள்ளை, சிவப்பு, மஞ்சள், நீலம் என ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு நிறம். மக்கள் அந்த நிறத்தில் கைப்பட்டை அணிய வேண்டும். தங்கள் வட்டாரத்துக்குள் சுதந்திரமாக நடமாடலாம். இன்னொரு வட்டாரத்துக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும்.

கவனித்துப் பாருங்க. அவர் ஊரையே வீட்டுக்குள் பூட்டவில்லை. நோய் ஓடும் தூரத்தைத்தான் குறைத்தார். பக்கத்துக் கடைக்குப் போய் வர முடிந்தது. நோய் மட்டும் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போகக் கூடாது.

எல்லைகளைக் காக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட போர்வீரர்கள் வரவழைக்கப்பட்டார்கள். வீடு வீடாகத் தேடுதல் நடந்தது. நோயாளிகள் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுடன் இருந்தவர்களைத் தனியாக வைக்க இடம் இல்லை. ரஷ்ய ரயில்வேயிடமிருந்து 120 சரக்குப் பெட்டிகளைக் கடனாக வாங்கி, அவற்றில் தங்க வைத்தார்கள்.

சூடேற்ற அடுப்பு இருந்தாலும் சரக்குப் பெட்டி சரக்குப் பெட்டிதான். நல்ல உடல்நிலையில் இருந்தவர், பக்கத்தில் படுத்தவருக்கு நோய் இருக்குமோ என்று பயந்தபடி நாள்களை எண்ணியிருப்பார். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 20, 30 டிகிரி குளிர்.

புத்தாண்டுக்கு ஊருக்குப் போகணும். என்ன செய்வது?

1911இல் சீனப் புத்தாண்டு ஜனவரி 30ஆம் தேதி வந்தது.

மஞ்சூரியாவின் வயல்களிலும் சுரங்கங்களிலும் உழைத்தவர்களில் பலர் ஷன்டோங் பகுதியிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். ஆண்டு முழுவதும் சேர்த்த காசோடு புத்தாண்டுக்கு ஊர் போவது அவர்கள் வழக்கம். நம் ஊரில் பெருநாளுக்கு முன்பு நெடுஞ்சாலை எப்படி இருக்கும்? அந்தக் கூட்டத்தை ஒரே ரயில் பாதையில் நினைத்துப் பாருங்க.

போக விட்டால் நோய் சீனா முழுவதும் பரவும். தடுத்தால், வேலையும் இல்லாமல் ஊரும் போக முடியாமல், குளிரில் இலட்சக்கணக்கானோர் தவிப்பார்கள்.

ரயில்களை நிறுத்தணும் என்று வூ கேட்டார். மூன்று தரப்பின் ரயில்கள் என்பதால் மூன்று தரப்பும் ஒத்துழைக்க வேண்டியிருந்தது. ஜனவரி நடுப்பகுதியில் ஷன்ஹாய்குவான் கணவாய் வழியாகத் தெற்கே போகும் போக்குவரத்து தடைபட்டது.

ஆனால் அதற்குள் நோய் முக்டென் நகரை எட்டிவிட்டது. இன்றைய ஷென்யாங்தான் அது. தெற்கே போன தொழிலாளர்கள் நிறைந்த ரயில் ஒன்று வழியில் திருப்பி அனுப்பப்பட்டது. நூற்றுக்கணக்கான பயணிகள் முக்டென் சத்திரங்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களிடையே நோய் பரவியது. அவர்களைக் கவனித்த மருத்துவர் ஆர்தர் ஜாக்சன் ஜனவரி 25ஆம் தேதி இறந்தார். அவருக்கு வயது 26.

தாமதமாகப் போட்ட தடை, தங்க இடம் தயார் செய்யாமல் போட்ட தடை, இரண்டுமே உயிரை வாங்கும். முக்டென் சொன்ன பாடம் இது. கதவை மூடுவது ஒரு முடிவு. மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்குச் சோறும் இடமும் கொடுப்பது இன்னொரு முடிவு. இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்தால் போதாது.

இறந்தவர்களை எரிக்கலாமா?

நிலம் கல்லாக உறைந்திருந்தது. புதைகுழி வெட்ட முடியவில்லை. ஃபூஜியாடியன் இடுகாட்டில் 2,000க்கும் மேற்பட்ட உடல்கள் புதைக்கப்படாமல் கிடந்தன. சில சவப்பெட்டிகளில், சில அதுவும் இல்லாமல். உச்சத்தில் ஒரே நாளில் 180க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

எரிப்பது ஒன்றே வழி என்று வூ நினைத்தார். ஆனால் சீனர்களுக்கு முன்னோர் உடலை மண்ணில் வைப்பது கடமை. அதுவும் ஆயிரக்கணக்கில், சொந்தக்காரர்கள் இல்லாமல் எரிப்பது என்றால்?

வூ நேராகத் தீ வைக்கவில்லை. உள்ளூர் அதிகாரிகளையும் பெரியவர்களையும் இடுகாட்டுக்கு அழைத்துப் போனார். கண்ணால் பார்த்தவர்கள் மறுப்புச் சொல்ல முடியவில்லை. அவர்களின் ஆதரவோடு பேரரசருக்கு விண்ணப்பம் போனது. புத்தாண்டு நாளன்று அனுமதி வந்தது. மறுநாள், ஜனவரி 31ஆம் தேதி, உடல்கள் அடுக்கடுக்காக எரிக்கப்பட்டன.

புத்தாண்டை முழுதாகத் தடை செய்யவும் அவர் முயலவில்லை. வீட்டுக்குள்ளேயே பட்டாசு வெடிக்கச் சொன்னார். கந்தகப் புகை கொஞ்சம் கிருமியைக் கொல்லலாம், மக்களின் மனச்சோர்வையும் போக்கலாம் என்பது அவர் கணக்கு.

அதற்குப் பிறகு மரண எண்ணிக்கை குறையத் தொடங்கியது. தகனமா, முகக்கவசமா, வட்டாரப் பிரிப்பா, ரயில் தடையா, எது எவ்வளவு உதவியது என்று தனித்தனியாகப் பிரித்துச் சொல்வது கடினம். எல்லாம் ஒன்றாக நடந்தன.

1911 மார்ச் 1ஆம் தேதியோடு ஹார்பினில் புதிய நோயாளிகள் இல்லை.

விலை என்ன?

மஞ்சூரியா முழுவதும் ஏறத்தாழ 60,000 பேர் இறந்தார்கள். ஃபூஜியாடியனில் மட்டும் 5,000க்கும் மேல். அதாவது ஐவரில் ஒருவர். நோய்த்தடுப்புப் பணியில் இருந்த சுமார் 3,000 பேரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் உயிரிழந்தார். மருத்துவர்கள் மட்டுமல்ல, சவம் தூக்கியவர்கள், சமையல்காரர்கள், வண்டியோட்டிகள், காவலர்கள்.

அதே சமயம், நோய் பெய்ஜிங்கைத் தாண்டித் தெற்கே பெரிதாகப் பரவவில்லை. கடல் கடந்து நம் பக்கமும் வரவில்லை.

ஏப்ரல் மாதம் முக்டெனில் அனைத்துலகப் பிளேக் மாநாடு கூடியது. 11 நாடுகளின் நிபுணர்கள் வந்தார்கள். தலைமை தாங்கியவர், சில ஆண்டுகளுக்கு முன் பினாங்கில் அபராதம் கட்டிய அதே மருத்துவர்.

தளர்த்தும்போது என்ன ஆகும்?

வூவின் கதை அங்கேயே முடிந்திருந்தால் இது வெறும் வெற்றிக் கதை. 1912இல் வட மஞ்சூரிய பிளேக் தடுப்புச் சேவை உருவானது. அதற்கு அவரே தலைவர். நோய் இல்லாத காலத்திலும் மருத்துவமனைகளும் ஆய்வுக்கூடங்களும் இயங்கின.

1920இல் பிளேக் மறுபடியும் வந்தது.

இந்த முறை மக்களின் எதிர்ப்பு பலமாக இருந்தது. ஹைலார் நகரில், நோயாளிகளுடன் பழகியதற்காகத் தனிமைப்படுத்தப்பட்டிருந்த ஒன்பது பேரைப் போர்வீரர்களே விடுவித்தார்கள். அவர்களில் இருவர் தாலாய்நோர் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சுமார் 4,000 பேர் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது. அங்கே ஆயிரம் பேர் வரை இறந்தார்கள்.

ஒன்பது பேருக்குக் கிடைத்த விடுதலையின் விலை அது.

ஆனாலும் இரண்டாவது அலையில் மொத்த மரணம் ஏறத்தாழ 9,300. முதல் அலையோடு ஒப்பிட்டால் ஆறில் ஒரு பங்கு. முன்கூட்டியே கட்டப்பட்ட மருத்துவமனைகளும், பயிற்சி பெற்ற ஊழியர்களும், பழக்கப்பட்ட முகக்கவசமும் உதவின.

இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கட்டுப்பாட்டை மக்கள் நம்பாவிட்டால், காவலுக்கு நிற்பவரே கதவைத் திறந்துவிடுவார். அடிப்படை வசதி பலமாக இருந்தால், ஒரு கதவு திறந்துகொண்டாலும் ஊரே அழியாது.

மீண்டும் மலாயாவுக்கு

1915இல் சீன மருத்துவச் சங்கம் அமைய உதவினார். 1930இல் சீனாவின் தேசியத் தனிமைப்படுத்தல் சேவைக்கு முதல் இயக்குநர். தார்பகன் விலங்கின் பங்கைக் கண்டறிந்தது உள்ளிட்ட பிளேக் ஆய்வுக்காக, 1935இல் மருத்துவ நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை.

1937இல் ஜப்பானியப் படைகள் சீனாவுக்குள் புகுந்தபோது மலாயா திரும்பினார். ஈப்போவில் சாதாரணக் குடும்ப மருத்துவராக மருந்தகம் நடத்தினார். ஏழைகளிடம் காசு வாங்க மாட்டார் என்று பெயர். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1943இல், எதிர்ப்புப் போராளிகள் அவரைக் கடத்திப் பணம் கேட்டார்கள். பணம் கொடுத்து மீண்டதும், போராளிகளுக்கு உதவியதாக ஜப்பானியர் சந்தேகப்பட்டார்கள். எப்படியோ தப்பினார்.

போருக்குப் பிறகு நன்கொடை திரட்டி ஈப்போவில் பேராக் நூலகம் தொடங்கக் காரணமாக இருந்தார். அதுதான் இன்றைய துன் ரசாக் நூலகம். 1959இல் தன் வரலாற்று நூலை வெளியிட்டார். 1960 ஜனவரி 21ஆம் தேதி பினாங்கில் காலமானார். வயது 80.

நமக்கு என்ன?

பிளேக்கும் கொவிட்-19உம் ஒன்றல்ல. அன்றைய நுரையீரல் பிளேக் வந்தால் பிழைப்பது அரிது. இன்று அதற்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உண்டு. கொவிட்டின் மரண விகிதம் அதைவிடப் பலமடங்கு குறைவு, ஆனால் அறிகுறி தெரியும் முன்பே பரவும். எனவே ஹார்பினில் செய்ததை அப்படியே இங்கே செய்யணும் என்று யாரும் சொல்ல முடியாது. வீடு புகுந்து தேடுவதையும் துப்பாக்கியோடு காவல் நிற்பதையும் இன்றைய சமூகம் ஏற்காது. ஏற்கவும் கூடாது.

ஆனால் முடிவெடுத்த முறையைப் பார்க்கலாம். நோய் எப்படிப் பரவுகிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டார். அந்த வழியை மட்டும் அடைக்க முயன்றார். மற்ற நடமாட்டத்துக்கு முடிந்த இடத்தில் இடம் விட்டார். மனம் நோகும் முடிவு என்றால், ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப் போய்க் காட்டிவிட்டு எடுத்தார். நோய் அடங்கியபின் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த முறைக்காக மருத்துவமனை கட்டினார்.

2021 அக்டோபர் 11ஆம் தேதி, பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் முழுமையாகத் தடுப்பூசி போட்ட பிறகு, அவர்களுக்கு நம் நாட்டில் மாநில எல்லைகள் திறந்தன. பல மாதங்களுக்குப் பிறகு அம்மாவைப் பார்க்கக் கார் ஓட்டிப் போனவர்களுக்கு அந்த நாள் என்னவென்று தெரியும். திறக்க ஓர் அளவுகோல் இருந்தது, அந்த அளவுகோல் எல்லாருக்கும் தெரிந்தும் இருந்தது. தளர்வை மக்கள் நம்புவதற்கு அது முக்கியம்.

அதற்கு முந்தைய மாதங்களில் வெள்ளைக் கொடி கட்டிய வீடுகளையும் மறக்கக் கூடாது. அவர்கள் விதியை மீறவில்லை. விதிக்குக் கட்டுப்பட்டுத்தான் பசியோடு இருந்தார்கள்.

ஈப்போவில் வூ லியென் தே பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் பெயர்ப் பலகையைப் பாருங்க. ஒரு காலத்தில், புத்தாண்டுக்கு ஊர் போகத் துடித்த இலட்சக்கணக்கானோரின் ரயிலை நிறுத்தச் சொன்னவர் அவர். அந்த முடிவின் சுமை ஒரு பக்கம் டாக்டர்களின் தோளிலும், இன்னொரு பக்கம் பெயர் தெரியாத கூலித் தொழிலாளர்களின் தோளிலும் இருந்தது. அடுத்த நோய் வரும்போது, அந்த இரண்டாவது தோளையும் நாம் எண்ணிப் பார்க்கணும்.